ராகுகாலத்தில் டிராகனை அடிக்கக் கூடாது

ஜனவரி 18, சனி

மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒன்றரை வருடமாக இந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லை என்பதால் பக்கத்து வீட்டு டி.வி. என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடியும் கேட்டது. கூட்டுறவு வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற திருவாளர் பூவலிங்கம் அவர்கள்தான் சிரிக்கிறார். என் கணவர்.

சிரிக்கட்டும், எனக்கென்ன. ஆனால் யாரோடு சிரிக்கிறார் என்று தெரிய வேண்டுமா இல்லையா?

மதியம் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, வழக்கம்போல ஃப்ரிட்ஜைப் பார்த்து "சோறு ஆறுது" என்றேன். அவர் இறங்கி வந்து மின்விசிறியைப் பார்த்து "மோர் இருக்கா" என்றார். எங்கள் பேச்சுவார்த்தை இவ்வளவுதான். யார் நேருக்கு நேர் முதலில் பேசுகிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். கோவில்பட்டியில் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக முப்பது வருடம் விசில் ஊதியவள் நான். எனக்குத் தோற்றுப் பழக்கமில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

ஓசூரிலிருந்து சுபாஷினி பேசினாள். ஒரே மகள். ஆறாம் மாதம் தொடங்கியிருக்கிறது. வளைகாப்பை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டேன்.  அவள் சொன்னாள்:

"நீயும் அப்பாவும் மொதல்ல முகம் பாத்துப் பேசுங்க. ரெண்டு பேரும் சேந்து போயி மாமாவக் கூப்பிடுங்க. அப்பதான் வளைகாப்பு. இல்லன்னா நான் ஓசூர்லயே பிள்ளை பெத்துக்கிடுதேன். ஃப்ரிட்ஜ்கிட்டப் பேசுத வீட்டுக்கு வரமாட்டேன்."

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊர் உலகத்து வழக்கம். என் பேரப்பிள்ளைக்கு முதல் எண்ணெய் ஓசூர்ச் சம்பந்தியம்மா கையாலா? அந்த அம்மாவுக்குச் சாம்பாரில் உப்புப் போடவே கை நடுங்கும். 

ஆனால் நான் எப்படிப் போய் முதலில் பேசுவது? சுபா கல்யாணப் பத்திரிகையில் என் தம்பி வேலாயுதம் பெயரைக் காணோம். தாய்மாமன் பெயரைப் போடாமல் ஒரு பத்திரிகை! கேட்டதற்கு இந்த மனிதர், "இடம் பத்தல" என்றார். அவருடைய சித்தப்பா மகனின் மைத்துனர் பெயருக்கு இடம் பத்தியிருக்கிறது. தம்பி சங்கரன்கோவிலிலிருந்து சீர்த்தட்டோடு வந்தான், சபையில் வைத்தான், கை நனைக்காமல் போய்விட்டான். சாப்பிடாமல் போன அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு மண்டபத்து வாசலில் நின்றேன். அன்றைக்கு நின்றதுதான் பேச்சு.

போனை வைக்கும் முன் சுபாவிடம் சிரிப்புச் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். அப்பா ஏதோ ஆன்லைன் கேம் விளையாடுகிறாராம். நார்வென்டா என்று பெயராம். கேட்டால் நார்த்தங்காய் ஞாபகம்தான் வருகிறது. "நீயும் போட்டுப் பாரேம்மா, ஃப்ரீதான்" என்றாள்.

ஜனவரி 21, செவ்வாய்

வேவு பார்ப்பதற்காக மட்டும் நார்வென்டாவைப் போனில் இறக்கினேன்.

இலவசம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. உள்ளே போவதற்குள் என் போட்டோக்களைப் பார்க்கலாமா, யார் யார் நம்பர் வைத்திருக்கிறாய், இப்போது எங்கே இருக்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. சுபாவைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை.

பிறகு ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். காதுக்கு மட்டும் இருபது தினுசு. மூக்கை நீட்டலாம், கண்ணைப் பச்சையாக்கலாம். பெண் வீராங்கனைகளைப் பார்த்தேன். போருக்குப் போகிறவள் போட்டிருக்கும் கவசம் என் கைக்குட்டை அளவுகூட இல்லை. வயிற்றில் வாள் பட்டால் என்ன செய்வாள்? எந்தப் பள்ளியில் படித்தாள்? ஸ்போர்ட்ஸ் டே அன்று இப்படி வந்திருந்தால் மைதானத்தைச் சுற்றி ஓட விட்டிருப்பேன். கழுத்து முதல் கணுக்கால் வரை ஒழுங்காக உடுத்தியிருந்தது ஒரே ஆள்தான். தாடி வைத்த குள்ளன். அவனையே எடுத்துக்கொண்டேன். உலக்கையன் என்று பெயர் வைத்தேன்.

லூமி என்று ஒரு தேவதை சொல்லித் தர வந்தது. நடக்கச் சொன்னது, நடந்தேன். "அற்புதம்!" என்றது. குனியச் சொன்னது, குனிந்தேன். "நீ பிறவி வீரன்!" என்றது. குனிந்ததற்கா? அதன்பிறகு ஒரு தங்கப் பெட்டியை இலவசமாகத் தந்தது. சாவிதான் விலைக்கு.

ஜனவரி 22, புதன்

முதல் வேலை, ஊர்த் தலைவருக்குப் பத்து வாத்து இறகு கொண்டுவர வேண்டும். அவர் பக்கத்திலேயே குளம், குளம் நிறைய வாத்து. ஆனால் அவர் நகர மாட்டார். நிற்கிற இடத்திலிருந்து வேலை ஏவுகிறார். தலைமையாசிரியர் அறை ஞாபகம் வந்தது.

நார்வென்டாவில் வாத்து கடிக்கும். ஒன்றைத் தொட்டால் ஒன்பது வருகிறது. மூன்று தடவை செத்தேன். நான்காம் தடவை சாகும்போது, பொதுவில் பேசும் கட்டத்தில் "யாராவது வாங்களேன், வாத்து கொல்லுது" என்று தட்டிவிட்டேன்.

வெள்ளை அங்கி, இடுப்பு வரை கூந்தலோடு ஒரு மந்திரவாதி வந்தான். கையை ஒரு சுழற்று. வாத்தெல்லாம் பனிக்கட்டி. "பயப்படாதீங்க அண்ணாச்சி" என்று எழுதினான். அதே நேரம் என் தலைக்கு மேலே மாடியில் "ஹஹ்ஹா" என்று ஒரு சிரிப்பு.

மந்திரவாதியின் தலைக்கு மேல் பெயர் மிதந்தது. வெண்பனிவேந்தன். கூந்தல் இடுப்பு வரை! மாடியில் இருப்பவருக்குக் காதோரம் நாலு முடி.

ஜனவரி 25, சனி

வெண்பனிவேந்தன் உலக்கையனைத் தன் படையில் சேர்த்துக்கொண்டார். பொதிகைப் படை. இரண்டு பேர் முக்கியம். மட்டன்சுக்கா என்பது குவைத்தில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ், காயம் பட்டவர்களைப் பிழைக்க வைப்பது அங்கேயும் அவள்தான். டெவில்ராஜா சென்னைக் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன், திட்டம் போடாமல் முன்னால் ஓடிச் சாவது அவன் வேலை. எல்லோரும் மைக்கில் பேசுகிறார்கள். உலக்கையனின் மைக் ரிப்பேர். தட்டித்தான் பேசுவான்.

ஒன்று கவனித்தேன். இந்த மனிதர் அங்கே "நன்றி" என்கிறார். "மன்னிச்சிருங்க, என் தப்பு" என்கிறார். டெவில்ராஜாவை "சாப்பிட்டியா தம்பி" என்று கேட்கிறார். முப்பது வருடத்தில் இந்த மூன்றில் ஒன்றையாவது நான் கேட்டிருப்பேனா? வயிறு எரிந்தது.

ஜனவரி 29, புதன்

தொடர்ந்து ஏழு நாள் வந்தால் குதிரை தருவதாக லூமி சொல்லியிருந்தது. வேவு பார்க்கிறவளுக்குக் குதிரை எதற்கு? இருந்தாலும் வாங்கினேன். கருப்புக் குதிரை, நல்ல லட்சணம். ஏறி ஒரு சுற்று வந்தேன். அதற்குள் அவியல் தீய்ந்துவிட்டது.

தீய்ந்த அவியலை ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனார்.

ஜனவரி 30, வியாழன்

குதிரை ஒரு நாளைக்கு மட்டுமாம்! இன்று காணோம். நிரந்தரமாக வேண்டும் என்றால் காசு கொடுத்து அங்கே விற்கிற வைரம் வாங்க வேண்டுமாம். கொடுத்ததைப் பிடுங்குகிற புத்தியை என்ன சொல்வது? இனி இந்தப் பக்கமே போக மாட்டேன்.

சாயங்காலம் போனேன். வேவு பார்க்க வேண்டுமே.

பிப்ரவரி 2, ஞாயிறு

கிழக்குக் குகை டிராகனை ஐந்து மணிக்கு அடிப்பது என்று படையில் முடிவாகியிருந்தது. உலக்கையன் கேடயத்தோடு முன்னால் நிற்க வேண்டும். இப்போதெல்லாம் அவன்தான் முன்வரிசை. டெவில்ராஜா ஓட ஆரம்பித்தால் "வரிசையில் நில்" என்று ஒரு வரி தட்டுவேன், நிற்பான்.

குகை வாசலில் கூடியபிறகுதான் காலண்டரைப் பார்த்தேன். ஞாயிறு நாலரை முதல் ஆறு ராகுகாலம். டிராகனாக இருந்தால் என்ன, டாக்டரிடம் போவதாக இருந்தால் என்ன? அந்த நேரத்தில் ஒரு காரியத்தைத் தொடங்க எனக்குக் கை வராது. "ஆறு மணிக்கு மேல் போவோம். இப்போது ராகுகாலம்" என்று தட்டினேன்.

டெவில்ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். டிராகனுக்கு ராகு தெரியுமா என்றான். குவைத்தில் மணி இரண்டரைதான், அங்கே ராகுகாலம் இல்லை என்று மட்டன்சுக்கா கணக்குச் சொன்னாள். உலக்கையன் குகை வாசலில் உட்கார்ந்துவிட்டான். உட்காருவதற்கு ஒரு பட்டன் இருக்கிறது.

மாடியில் சிரிப்பு ஆரம்பித்து, பாதியில் நின்றது.  பிறகு வெண்பனிவேந்தன் எழுதினார்: "அண்ணாச்சி சொன்னாச் சரிதான். ஆறு மணிக்கே போவோம்."

யார் சொல்வது! சுபாவுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகும்போது வேண்டுமென்றே எமகண்டத்தில் காரை எடுத்த மனிதர். என் காலண்டரைப் பார்த்து "இது ஒன் பாடத்திட்டமா" என்று கேட்டவர். முகம் தெரியாத குள்ளன் சொன்னால் மட்டும் கேட்கிறார்.

ஆறு பத்துக்கு டிராகன் விழுந்தது. அடுத்த டிராகனுக்கு நல்ல நேரம் பார்த்துச் சொல்லும்படி டெவில்ராஜா என்னையே கேட்டான்.

பிப்ரவரி 5, புதன்

வெண்பனிவேந்தன் இன்று, "முட்டி வலி எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார். உலக்கையனுக்கு முட்டி வலி என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. குட்டைக் காலோடு மலை ஏறுகிறவனுக்கு வலிக்கும் என்று அவராக நினைத்திருப்பார்.

அடுப்பு மேடையில் புது வலித்தைலம் ஒன்று இருந்தது. பாத்திரம் தேய்க்க வரும் மாரித்தாய் மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பாள். நல்ல தைலம். என் முட்டிக்குப் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

சுபா போன் செய்தாள். சம்பந்தியம்மா தொட்டில் பார்த்துவிட்டார்களாம். தொட்டில்! ஓசூரில்! நாள் போய்க்கொண்டிருக்கிறது அம்மா என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மத்தியானம் ஃப்ரிட்ஜைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் வரை வந்தது. அவரும் நிமிர்ந்தார். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. இருவரும் குக்கரைப் பார்த்தோம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

படையில் வேறு யாரும் வரவில்லை. வெண்பனிவேந்தனும் உலக்கையனும் மட்டும் ஓநாய்க் காட்டில் தோல் சேகரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று எழுத ஆரம்பித்தார்.

"வீட்ல பேச்சுவார்த்தை இல்ல அண்ணாச்சி. மக கல்யாணப் பத்திரிகைல மச்சினன் பேரு விட்டுப்போச்சு."

"விட்டுப்போச்சா, விட்டீங்களா?" என்று தட்டினேன். 

"விட்டுப்போச்சு. புரூஃப் பாத்தது நான்தான். கண்ணாடி எடுத்துட்டுப் போகல. சும்மா தடவிப் பாத்துட்டுச் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன். வங்கில அத்தன வருஷம் மத்தவன் கணக்குல தப்புக் கண்டுபிடிச்சவன், மச்சினன் பேரு விட்டது தெரியலன்னு எப்படிச் சொல்ல? இடம் பத்தலன்னு சொல்லிட்டேன். அவ மூஞ்சி செத்துப்போச்சு. அப்பவே சொல்லியிருக்கணும். தைரியம் வரல."

போனை மேஜையில் வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வேண்டுமென்றே என் பிறந்த வீட்டை அவமானப்படுத்தினார் என்றுதானே ஒன்றரை வருடம் வெந்தேன்? கண்ணாடி போடாமல் போயிருக்கிறார் பாவி. அதைச் சொல்லித் தொலைத்திருந்தால் மறு பத்திரிகை அடித்திருக்கலாமே. கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எது அதிகம் என்று எனக்கே தெரியவில்லை.

முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால், உலக்கையன் விட்ட இடத்தில் அப்படியே நிற்கிறான். சுற்றிலும் ஓநாய்கள் செத்துக் கிடக்கின்றன. வெண்பனிவேந்தன் மந்திரம் எல்லாம் தீர்ந்துபோய், உயிர் ஒரு கோடு மட்டும் மிச்சமாக, குள்ளனுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார். போய்விடவில்லை.

"வந்துட்டீங்களா அண்ணாச்சி" என்று எழுதியிருந்தார்.

பிப்ரவரி 10, திங்கள்

அவியல். தீயவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

நார்வென்டாவில் இன்று காதலர் திருவிழாவாம். ஒருவருக்கொருவர் ரோஜா கொடுத்தால் பரிசு. லூமி காலையிலிருந்து உயிரை எடுக்கிறது. வெண்பனிவேந்தன் தாடிக்காரக் குள்ளனுக்கு ரோஜா கொடுத்ததைப் பார்த்து டெவில்ராஜா கேலி செய்தான். அண்ணாச்சிக்கு முன்வரிசையில் நின்றதற்கு மரியாதை என்று அவர் சமாளித்தார். ரோஜாவைப் பையில் வைத்திருக்கிறேன். விற்றால் நல்ல விலை போகும், விற்கவில்லை.

பிறகு தனியாக ஆலோசனை கேட்டார். வளைகாப்புப் பத்திரிகை அடிக்க வேண்டும், மச்சினன் பெயரை எங்கே போடுவது என்று.

"முதல்ல. எல்லாப் பேருக்கும் மேல. கொஞ்சம் பெரிய எழுத்துல" என்று தட்டினேன்.

"நேர்ல போய் வைக்கணும். நான் தனியாப் போனா கதவத் தொறப்பாரா?"

"தொறக்க மாட்டாரு. வீட்டம்மாவக் கூட்டிட்டுப் போங்க."

"அவகிட்ட யாரு கேக்க?"

"நீங்கதான். குள்ளனா வந்து கேப்பான்?"

மாடியில் இருமல் கேட்டது.

பிப்ரவரி 18, செவ்வாய்

நான்கு நாளாக வெண்பனிவேந்தன் நார்வென்டாவில் இல்லை. மாடியிலும் சத்தமில்லை. வெயிலில் இரண்டு தடவை வெளியே போய்விட்டு வந்தார். எங்கே என்று ஃப்ரிட்ஜிடம் கேட்டேன், மின்விசிறி பதில் சொல்லவில்லை. சுபாவுக்கு வேறு போன் செய்யப் பயமாக இருக்கிறது. பயந்துவிட்டார் மனிதர். ஓசூர்த் தொட்டில் கண் முன்னால் ஆடுகிறது.

நாளை மறுநாள் வரை பார்ப்பேன். பிறகு நானே பேசிவிடுவேன். தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

சாப்பாட்டுக்கு இலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படியில் செருப்புச் சத்தம். அடுக்களை வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மூக்கில் கண்ணாடி. கையில் ஒரு மஞ்சள் தடவிய பத்திரிகை. மின்விசிறியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மணி ஒண்ணுதான் ஆகுது அண்ணாச்சி. ஒண்ணரைக்குத்தான் ராகுகாலம். அதுக்குள்ள வாசல் தாண்டிட்டா சங்கரன்கோவிலுக்குப் போயிறலாம். வாரியளா?"

இலை கையிலிருந்து நழுவிவிட்டது.  அப்படியானால் தைலம்? ஓநாய்? ரோஜா? எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் பத்திரிகையை நீட்டினார். முதல் வரியில் பெரிய எழுத்தில் தாய்மாமன் வேலாயுதம். மற்றவர்கள் எல்லாம் கீழே நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணு தடவ கண்ணாடி போட்டுப் பாத்துட்டேன்" என்றார். "நீயும் ஒரு தடவ பாத்துரு."

பார்த்தேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். சரியாக இருக்கிறது என்று சொன்னேன். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். ஐந்து நிமிடத்தில் சேலை மாற்றினேன். ஒன்று இருபதுக்கு வாசல் தாண்டினோம். சமைத்த சாப்பாடு அப்படியே கிடந்தது.

தம்பி கதவைத் திறந்தான். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். இவர் பத்திரிகையைத் தட்டில் வைத்து நீட்டி, "தப்பு என் மேலதான் மாப்ள. கண்ணாடி போடாம புரூஃப் பாத்துட்டேன்" என்றார். அவன் முதல் வரியை வாசித்தான். உள்ளே திரும்பித் தன் வீட்டுக்காரியிடம் இரண்டு இலை போடச் சொன்னான். இவர் உட்காரவில்லை. மூன்று இலை போட்டபிறகுதான் உட்கார்ந்தார். மணி நாலுக்கு மேல் ஆகியிருந்தது. வேலாயுதம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். ரசம் கேட்டு வாங்கி இரண்டாம் தடவை சாப்பிட்டான்.

பிப்ரவரி 21, வெள்ளி

சுபாவுக்கு இரண்டு பேரும் சேர்ந்து ஸ்பீக்கரில் பேசினோம். வருகிறாள். மார்ச் ஐந்தாம் தேதி வளைகாப்பு, அன்றைக்கே இங்கே அழைத்து வந்துவிடுகிறோம். ஓசூர்த் தொட்டிலை அவர்களே துணி காயப்போட வைத்துக்கொள்ளட்டும்.

கடைசியில் அந்தக் கழுதை, "யாரும்மா மொதல்ல பேசுனது?" என்று கேட்டாள். அப்பா என்றேன். அவர்தானே அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

உடனே இவர் போனைப் பக்கத்தில் இழுத்து, அப்படியெல்லாம் இல்லை, ஜனவரி மாதமே வாத்து கொல்லுகிறது யாராவது வாருங்கள் என்று முதலில் கூப்பிட்டது உன் அம்மாதான் என்று சொல்லிவிட்டார். அப்பனும் மகளும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இதை மட்டும் தெளிவாக எழுதி வைக்கிறேன். உதவி கேட்டது குள்ளன். நான் இல்லை.